பாசத்துக்கு ஒரு முறை வேண்டும்

(வீட்டிலும் மருத்துவமனையிலும் நோயாளியைப் பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்வது பற்றி, பேரணாம்பட்டில் பொதுமக்களுக்காகவும் செவிலியர் மாணவர்களுக்காகவும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்றதும் நமக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பக்கவாதம் வந்த ஒருவர் வேலூரிலோ குடியாத்தத்திலோ ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருப்பார்? பத்து நாள், மிஞ்சினால் ஒரு மாதம். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், அவர் படுத்திருப்பது நம் வீட்டில். ஆஸ்பத்திரியில் மூன்று ஷிஃப்டாகச் செவிலியர்கள் மாறி மாறிப் பார்த்த வேலையை வீட்டில் ஒரே ஒரு மருமகளோ மகளோ பார்க்கிறாள். சமையலும் அவள்தான், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவள்தான், இடையில் பீடியும் சுற்றுகிறாள். அவளுக்கு அந்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை.

நம் ஊரில் பாசத்துக்குக் குறைவே இல்லை. ஒருவர் படுத்துவிட்டால் தெருவே வந்து பார்க்கிறது. குறைவது முறை. முறை தெரியாத பாசம் நோயாளியைக் காயப்படுத்தும் என்பதை நாற்பது வயதைக் கடந்த எந்தச் செவிலியரைக் கேட்டாலும் சொல்வார். படுத்தபடியே இருக்கும் அப்பாவின் வாயில் ஆசையாகக் காபி ஊற்றுகிறோம். அது மூச்சுக்குழாயில் இறங்குகிறது. முதுகில் நிறம் மாறிய இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறோம். அங்கேதான் புண் வருகிறது. கால் சில்லென்று இருக்கிறதே என்று சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன பாதத்தில் வெந்நீர்ப் பையை வைக்கிறோம். காலையில் பார்த்தால் தோல் கொப்பளித்துக் கிடக்கிறது. மூன்றையும் செய்தது பாசம்தான். ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: செவிலியர் பாடப்புத்தகத்தின் முதல் சில அதிகாரங்கள் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மண்ணில் தொடங்கிய பாடம்

இதைச் சொல்வதற்கு நம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஐடா ஸ்கடர் அம்மையார் பிறந்தது 1870இல், நம் ராணிப்பேட்டையில். இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்ததை அறிந்தார். அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துவிட்டு 1900இல் திரும்பினார். 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி நோயாளிகளைப் பார்த்ததும் அவர்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. அந்த அம்மையார் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918இல். செவிலியர் பள்ளியைத் தொடங்கியதோ 1909இல். மருத்துவர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே செவிலியர்களை உருவாக்கத் தொடங்கிவிட்டார். கத்தி பிடித்து அறுவை செய்வது ஒரு மணி நேர வேலை; அதற்குப் பிறகு அந்த நோயாளி பிழைப்பதற்கு இரவும் பகலும் பக்கத்தில் ஒரு தேர்ந்த கை வேண்டும் என்பது நடைமுறையில் அவருக்குத் தெரிந்திருந்தது. 1946இல் அதே வேலூரில் செவிலியருக்குப் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவிலேயே செவிலியர் பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் நூறாண்டுக்கு மேலாகக் கற்றுத்தரப்படும் ஒரு பாடம், நம் வீட்டுக்குள் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

உலக அளவில் பார்த்தாலும் கதை இதுதான். 1854இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் துருக்கியில் போர்க்கால மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே வீரர்கள் குண்டுக் காயத்தைவிடக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும்தான் அதிகம் செத்துக்கொண்டிருந்தார்கள். 1855இல் கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் ஏற்படுத்திய பிறகு சாவு மளமளவென்று குறைந்தது. புது மருந்து எதுவும் அப்போது வரவில்லை. சுத்தமும் காற்றும் ஒழுங்கும்தான் வந்தன. அந்த எண்களை எழுதி வைத்து, வரைபடமாகப் போட்டு, அரசாங்கத்தின் முன்னால் வைத்தார் அந்த அம்மையார். பார், எழுது, செய் என்ற மூன்றும் அன்றிலிருந்து செவிலியத்தின் அடித்தளம்.

முதுகைப் பார்க்கும் கண்

முதலில் படுக்கைப் புண். நம் தெருக்களில் அதிகம் பார்ப்பதும், அதிகம் தடுக்கக்கூடியதும் இதுதான்.

இதைப் புரிந்துகொள்ள வேலூரின் இன்னொரு மனிதரைப் பார்க்கலாம். மருத்துவர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்று ஊர் உலகம் முழுக்க நம்பிய காலம் அது. அவரும் அவருடன் இருந்தவர்களும் பொறுமையாகக் கவனித்து, நோய்க்கிருமி நேரடியாகச் சதையைத் தின்பதில்லை என்று காட்டினார்கள். நரம்பு செத்துவிட்டதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் அதே இடத்தில் அழுத்தத்தின் மேல் அழுத்தமாக விழுகிறது. அங்கே புண் வருகிறது. பிறகு வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனையும் ஆய்வு மையமும் வந்தன. அங்கே மரத்துப்போன கால்களுக்காக மிருதுவான நுண்துளை ரப்பர் அடி வைத்த செருப்புகளைச் செய்து கொடுத்தார்கள். மருந்து ஆற்றாத புண்ணை, அழுத்தத்தைப் பிரித்துக் கொடுத்த ஒரு செருப்பு ஆறவைத்தது.

வலி தெரிகிறவரை நம்மில் யாராலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்க முடியாது. தூக்கத்திலும் புரண்டுகொண்டே இருக்கிறோம். பக்கவாதம் வந்தவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், மயக்கத்தில் இருப்பவர், முதுமையில் ஒடுங்கிப்போனவர், இவர்களால் அது முடியாது. எலும்புக்கும் பாய்க்கும் நடுவே சதை நசுங்கி, ரத்தக் குழாய் அடைபட்டு, அந்த இடம் பட்டினி கிடக்கிறது. இரண்டு மணி நேரமே சிலருக்குப் போதும். வெளியே ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரியும் புண், உள்ளே உள்ளங்கை அளவுக்குக் குடைந்திருக்கும்.

எங்கே பார்க்க வேண்டும்? மல்லாந்து படுப்பவருக்குப் பின்னந்தலை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், குதிகால். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காது, தோள், இடுப்பெலும்பு, முழங்கால், கணுக்கால். தினமும் உடம்பு துடைக்கும்போது இந்த இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு பழைய நிறம் திரும்பினால் ரத்தம் இன்னும் ஓடுகிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய புத்தகங்கள் 'சிவப்பைப் பார்' என்று சொல்லும். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. கருநீலமாக, சுற்றியிருக்கும் தோலைவிட அடர்த்தியாக, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கும். ஆகவே கண்ணோடு கையும் வேலை செய்ய வேண்டும். நம் ஊரில் தோலைத் தரம் பிரிப்பவர் மேசையில் விரித்த தோலின் மேல் உள்ளங்கையை ஓட்டியே, கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கை நம் வீட்டிலேயே இருக்கிறது. அதைப் பெற்றவர்களின் முதுகிலும் ஒரு தடவை ஓட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(இந்த இடத்தில் இளைஞர் ஒருவரைக் கட்டிலில் படுக்க வைத்துச் செய்முறை காட்டப்பட்டது.)

தம்பி, உடம்பைத் தளர விட்டுக்கொள்ளுங்கள். பாருங்கள், இவருக்கு அடியில் தோளிலிருந்து தொடைவரை ஒரு பழைய வேட்டியை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன். அக்குளில் கை கொடுத்து இழுக்கவே கூடாது. இழுத்தால் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், எலும்பு மட்டும் நகரும். நடுவில் சதை கிழியும். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வேட்டியை உருளையாகச் சுருட்டிப் பிடித்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லித் தூக்கி நகர்த்த வேண்டும். பிறகு முழுதாகப் பக்கவாட்டில் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து முப்பது டிகிரி மட்டும் சாய்க்கிறேன். இப்போது இடுப்பெலும்பும் படுக்கையில் படவில்லை, முதுகெலும்பின் அடியும் படவில்லை. இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. குதிகால் இப்போது காற்றில் நிற்கிறது, இந்தத் தாளை அடியில் விட்டு எடுக்கலாம் பாருங்கள். கடைசியாகத் துணியின் சுருக்கத்தை நீவிவிடுகிறேன். அவ்வளவுதான். இரண்டு நிமிடம் ஆயிற்று. இதை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். இரவில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதைத் தோலின் நிலையைப் பார்த்துச் செவிலியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை சில. நிறம் மாறிய இடத்தைத் தேய்க்கக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வைக்கக் கூடாது. அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கும். புண்ணில் பவுடர், மஞ்சள், சாம்பல் எதுவும் போடக் கூடாது. 'ஏர் பெட் வாங்கிட்டோம் சிஸ்டர், இனிமே திருப்ப வேணாமில்ல?' என்று கேட்கிறார்கள். காற்றுப் படுக்கை நல்லதுதான். ஆனால் திருப்புவதற்கு அது மாற்று கிடையாது. சிறுநீரிலும் மலத்திலும் தோல் ஊறக் கூடாது. சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன், பால் என்று புரதம் இருக்க வேண்டும். வெறும் கஞ்சியில் புண் ஆறாது.

இந்த வேலைகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேலூரிலேயே ஒரு சான்று உண்டு. மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தார். அதன் பிறகும் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம். இதை நாம் மன உறுதிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். அப்படி ஒருவர் பல்லாண்டு உழைத்து வாழ வேண்டுமென்றால் தினமும் யாரோ தோலைப் பார்த்திருக்க வேண்டும், உடம்பை நகர்த்தியிருக்க வேண்டும், சிறுநீர்ப் பையைக் கவனித்திருக்க வேண்டும். பெரிய சாதனைக்கு அடியில் இந்தச் சின்ன வேலைகள்தான் கிடக்கின்றன.

வாய்க்குள் போவது

அடுத்தது சாப்பாடும் தண்ணீரும். பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசையும் பலவீனமாகியிருக்கலாம். ஆகவே விழுங்க முடிகிறதா என்று ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொல்லும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியில் கொடுங்கள். முதல் வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். பலவீனமான பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, பேசினால் தண்ணீர் கலந்தாற்போல் குரல் கொழகொழத்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தால், மூக்கின் ஓரத்தில் குழாயில் போட்ட அடையாளக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இடம் மாறியிருந்தால் எதையும் ஊற்றாதீர்கள், செவிலியரைக் கூப்பிடுங்கள். தலைமாட்டை உயர்த்தியே ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வாய் வழியாகச் சாப்பிடாதவருக்கும் பல் துலக்க வேண்டும். அழுக்கு வாயில் வளரும் கிருமி எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா ஆகிறது. காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்வது ஒரு மருந்துக்குச் சமம்.

மாத்திரையும் ஊசியும்

செவிலியர் மாணவர்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லித் தருவது ஐந்து கேள்விகள்: சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா? வீட்டுக்கும் இந்த ஐந்தும் பொருந்தும். ஒரே வீட்டில் மாமியாருக்குச் சுகர், மாமனாருக்குப் பிரஷர், இரண்டு பேரின் மாத்திரையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. இன்றைக்கே இரண்டு டப்பாவாகப் பிரித்து, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். 'எனக்கு இது நல்லா கேட்டுச்சு, நீயும் போட்டுப் பாரு' என்று மாத்திரையைக் கைமாற்றுவதை விட்டுவிடுங்கள்.

இன்சுலினில் ஓர் ஆபத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. ஊசியும் இரண்டு விதம். 40க்கு உரிய சிரிஞ்சுக்குப் பொதுவாகச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. மருத்துவர் 20 யூனிட் போடச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். 40 செறிவு பாட்டிலிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட், சர்க்கரை இறங்காது. 100 செறிவு மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. போடுபவர் கை சுத்தம், கோடும் சரி, நேரமும் சரி. மூடியின் நிறம் ஒன்றுதான் மாறியது. எனவே மருந்துக் கடையில் சிரிஞ்சு வாங்கும்போது பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள். பாட்டிலில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று படித்துப் பாருங்கள்.

இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப் போகக் கூடாது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். ரமலான் நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள், மாதம் பிறப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மருந்தின் அளவும் நேரமும் எப்படி மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

எண்ணிப் பார்

நோயாளியின் நிலைமை மோசமாவது திடீரென்று நடப்பதாகத் தோன்றும். 'நேத்து ராத்திரி நல்லாதான் பேசிட்டிருந்தாரு' என்பார்கள். உண்மையில் உடம்பு பல மணி நேரம் முன்பே சொல்லத் தொடங்கியிருக்கும். முதலில் சொல்வது பெரும்பாலும் மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு இயல்பு. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல், வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 24ஐத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது.

மற்றவையும் உண்டு. நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பெட்டியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்; 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். நாள் முழுக்க மிகக் குறைவாக, அடர் மஞ்சளாகப் போனால் அதுவும் ஒரு சேதி. தெளிவாகப் பேசிய பெரியவர் திடீரென்று இடம் தெரியாமல் உளறினால் 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடாதீர்கள். கிருமித் தொற்றோ, நீர் வற்றலோ, சர்க்கரைக் குறைவோ அப்படித்தான் முதலில் தலைகாட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், மூச்சு, நாடி, காய்ச்சல், சாப்பாடு, சிறுநீர், கொடுத்த மருந்து, திருப்பிப் படுக்க வைத்த நேரம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். பகலில் மகள், இரவில் மகன் என்று ஆள் மாறினாலும் நோட்டு பேசும். மருத்துவரிடம் போகும்போது அந்த ஒரு பக்கம் பத்து நிமிட விளக்கத்தைவிட உதவும்.

கையும் குழாயும்

1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணவறையிலிருந்து பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கிருமியைச் சுமப்பது தங்கள் கைதான் என்பதை ஒப்புக்கொள்வது கடினம். நமக்கும் அப்படித்தான். நம் அம்மாவைத் தொட நமக்கு என்ன தடை என்று தோன்றும். தொடுவதற்கு முன்னும், தொட்ட பின்னும், புண்ணையோ குழாயையோ கையாளும் முன்னும், மலஜலம் சுத்தம் செய்த பின்னும் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும். விரல் இடுக்கு, கட்டை விரல், நக நுனி ஆகியவைதான் விட்டுப்போகும். டேனரியில் சுண்ணாம்பிலும் குரோமிலும் வேலை செய்து கையில் வெடிப்போ புண்ணோ இருப்பவர்கள், கழுவி, மூடி, கையுறை போட்ட பிறகே புண்ணுக்குக் கட்டுப் போடுங்கள். அது நோயாளிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

சிறுநீர்க் குழாய் போட்ட ஒருவரை ஆட்டோவில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். பை கீழே விழுந்துவிடுமே என்று அக்கறையாக அதை அவர் நெஞ்சின் மேலேயே வைத்துப் போர்வையால் மூடியிருந்தார்கள். பைக்குள் தேங்கிய சிறுநீர் குழாய் வழியாகத் திரும்பி மூத்திரப்பைக்குள் போகும். கூடவே கிருமியும் போகும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். குழாயையும் பையையும் தேவையில்லாமல் பிரிக்காதீர்கள். குழாய் இன்னும் வேண்டுமா என்று ஒவ்வொரு முறை போகும்போதும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியிலும் கேளுங்கள்

மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு தீங்கு நேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியது என்றும் சொல்கிறது. 2019 முதல் செப்டம்பர் 17ஐ நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். தவறு செய்த ஒருவரைத் தண்டித்தால் அடுத்த தவறு மறைக்கப்படும். எப்படி நடந்தது என்று வெளிப்படையாகப் பேசினால்தான் அது திரும்ப நடக்காது என்பதே நோயாளிப் பாதுகாப்புத் துறை கற்ற பாடம். இங்கே இருக்கும் மாணவர்களே, சந்தேகம் வந்தால் மூத்தவரானாலும் மருத்துவரானாலும் மறுபடி கேளுங்கள். வார்டில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு 'உங்க பேரு சொல்லுங்க' என்று கேட்கும் செவிலியர் உங்கள் உயிரைக் காக்கிறார். 'நேத்தே சொன்னேனே' என்று குடும்பத்தார் கோபப்பட வேண்டாம். ஒரு செவிலியர் தாங்கக்கூடியதைவிட அதிக நோயாளிகளை அவர் தலையில் கட்டினால், எவ்வளவு நல்லவரானாலும் ஏதாவது விட்டுப்போகும். செவிலியர் பணியிடங்களை நிரப்பக் கேட்பது அவர்களுக்கான கோரிக்கை மட்டுமில்லை. படுக்கையில் இருக்கும் நம் எல்லோருக்குமான கோரிக்கை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் உதவி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யுங்கள். வருகிற செவிலியரிடம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று வேண்டுகோள்

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரைக் கட்டிலருகே நிறுத்தி, திருப்புவது, ஊட்டுவது, ஊசி போடுவது, பையைக் காலி செய்வது என எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். சரியாகச் செய்த பிறகு அனுப்புங்கள். 'புரிஞ்சுதா?' என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்து காட்டச் சொன்னால்தான் தெரியும்.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவின் உடம்பைத் துடைத்து, அவரைத் திருப்பிப் படுக்க வைப்பதைப் பெண்களின் வேலை என்று தள்ளாதீர்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும்; அதில் ஒருவர் நீங்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணும் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், வாரத்தில் ஒரு பொழுதாவது வெளியே போய் வர வேண்டும். அவள் விழுந்தால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

ஊருக்கு ஒரு வேண்டுகோள். தெருவுக்கு இரண்டு பேர், பள்ளிவாசல் வழியாகவோ கோயில் வழியாகவோ தேவாலயம் வழியாகவோ மகளிர் குழு வழியாகவோ முன்வாருங்கள். திருப்புவது, ஊட்டுவது, எண்ணுவது, கழுவுவது, மருந்து சரிபார்ப்பது என்ற ஐந்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். சில மதியப் பொழுதுகளில் சொல்லித் தர நாங்கள் தயார். நோயாளியைப் பார்க்க அந்தத் தெருவே வருகிற வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வருகிறவர்களில் இரண்டு பேர் பழக் கவரைக் கொடுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு, 'கடைசியா எப்போ திருப்பிப் படுக்க வச்சீங்க?' என்று கேட்கிறவர்களாக இருந்தால், இந்த ஊரில் பல படுக்கைப் புண்கள் வராமலே போகும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடையருகே வாருங்கள். கட்டில் இங்கேயே இருக்கிறது, முதல் பாடத்தை இன்றே தொடங்கலாம்.